தங்கச்சி ஏரியின் கிரிவலம்

கற்றறிந்த பெரியோர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். விண்ணப்பங்களையும் இரங்கல் தீர்மானங்களையும் தவிர வேறெதையும் இதற்கு முன் நான் எழுதியதில்லை. திருவண்ணாமலையைப் பற்றி எழுதத் தகுதியுடையோர் எத்தனையோ பேர் இருக்க, அவர்களை முந்திக்கொண்டு நான் பேனாவை எடுப்பது முறையன்று என்பதை நன்கு அறிவேன். எனினும் இந்தச் செய்தியை அவர்களில் ஒருவரும் இதுநாள்வரை எழுதவில்லை. நேரில் பார்த்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே தயங்கித் தயங்கியேனும் எழுதத் துணிந்தேன். அடி அண்ணாமலைக்கு மேற்கே இருந்த தங்கச்சி ஏரி, ஒவ்வொரு பௌர்ணமியன்றும் பொழுது சாயும் வேளையில் தன் இடத்தை விட்டு எழுந்து, மலையைச் சுற்றிக் கிரிவலம் சென்று, மறுநாள் கோழி கூவுவதற்குள் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

இது எப்போது தொடங்கியது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. அக்கா ஏரி என்று ஒன்று முன்பு இருந்ததாகவும், அதற்கு இளையது என்பதால் இது தங்கச்சி ஏரி ஆயிற்று என்றும் சொல்வார்கள். அக்கா ஏரி எங்கே இருந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் கையை நீட்டுவார்கள். தங்கச்சி ஏரி கிரிவலம் போன முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையோரமாகச் சித்தர்களும் தேவர்களும் நடக்கிறார்கள், ஆகவே மற்றவர்கள் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். ஏரியும் இடப்பக்கமாகவே நடந்தது. பிறருக்கு இடைஞ்சல் ஆகாதபடி தன்னை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, அகலத்தைக் குறைத்து நீளவாக்கில் ஒடுங்கிக்கொண்டு, அதிகம் சத்தமில்லாமல் சென்றது. கெண்டைகளும் விரால்களும் உடன் சென்றன. நாரைகள் மேலே பறந்து வந்தன. தவளைகள் மட்டும் கரையிலேயே தங்கி, விடியும்வரை குறைப்பட்டுக்கொண்டிருந்தன. எட்டு லிங்கங்களின் முன்பும் ஏரி சிறிது நின்று செல்லும். வருண லிங்கத்தின் முன் மட்டும் சற்றுக் கூடுதலாக நிற்கும். அதை உறவுமுறை என்று எடுத்துக்கொண்டார்களே தவிர எவரும் பாரபட்சமாகக் கருதவில்லை. எதிரே வந்த பெண்கள் புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். டீக்கடைக்காரர்கள் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஏரி எழுந்திருக்கும் நேரத்தில் கரையில் யார் இருந்தாலும், ஆடு மேய்ப்பவராக இருந்தாலும் துணி துவைப்பவராக இருந்தாலும், "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச எதுவும் இருக்கவில்லை.

அக்காலத்தில் பௌர்ணமிக் கூட்டம் என்றால் சில சாதுக்கள், வேண்டுதல் உள்ள சில குடும்பங்கள், மாட்டு வண்டியைக் கோயில் வாசலில் அவிழ்த்துவிட்டு நடக்கும் குடியானவர்கள், அவ்வளவுதான். நிலவொளியில் பாதை காலியாகக் கிடக்கும். ஏரி நினைத்த வேகத்தில் நடந்து, நினைத்த நேரத்தில் திரும்பிற்று. பிறகு சென்னையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பேருந்துகள் வரத் தொடங்கின. மண் பாதை தார்ச் சாலையாயிற்று. சாலையோரத்தில் விளக்குகள் வந்தன. விளக்குகளின் கீழே இளநீர், ருத்திராட்சம், பஞ்சுமிட்டாய் எல்லாம் வந்தன. வருகிறவர்கள் பக்தியோடுதான் வந்தார்கள் என்பதை நான் இங்கே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். ஆனால் லட்சக்கணக்கானோர் பக்தியோடு நடக்கும் சாலையில் ஓர் ஏரி நடப்பது எளிதன்று. ஒரு சித்ரா பௌர்ணமியில், பணிக்குப் புதிதாக வந்த காவலர் ஒருவர் ஏரியைத் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னார். ஏரி நின்றது. கோழி கூவுவதற்குள் வந்துகொண்டிருந்தது, மறுநாள் மதியம் வரத் தொடங்கியது, மதியம் மாலையாயிற்று. வரும்போது அதன்மேல் அன்னதானத் தட்டுகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் கற்பூரம் சுற்றிய காகிதங்களும் ஒற்றைச் செருப்புகளும் மிதந்து வந்தன. ஊரார் அவற்றைக் கம்பால் தள்ளிக் கரையேற்றிவிட்டுக் குளித்தார்கள்.

இப்படி ஏரி வர நேரமாகிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் நிலத்தை அளக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் மீதும் குற்றமில்லை. வெடிப்பு விட்ட ஈரமண்ணை அவர்கள் பார்த்தார்கள், பார்த்ததை எழுதிக்கொண்டார்கள். வரப்பில் நின்றிருந்தவர்கள், "ஏரி சாமி கும்பிடப் போயிருக்குதுங்க, சாயங்காலம் வந்துடும், இருந்து பாத்துட்டுப் போங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அளக்க வந்தவர்களுக்குச் சாயங்காலம் வேறு ஊரில் வேலை இருந்தது. சில மாதங்களில் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த கண்ணாயிரம் என்பவர் அந்த இடத்தை வாங்கி, எல்லைக்கல் நட்டு, மனைகளாகப் பிரித்தார். முகப்பில் ஒரு வளைவு கட்டி, 'தங்கச்சி நகர்' என்று எழுதினார். கற்பூரம் காட்டாமல் வண்டியைக்கூட எடுக்காதவர் கண்ணாயிரம். பொய் சொல்ல மாட்டார். மனை பார்க்க வருகிறவர்களைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வரச் சொன்னார், அவ்வளவுதான்.

முதல் மனையை வாங்கியவர் எல்லம்மாள். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகன் கோபி வேங்கிக்காலில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தார். பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் காபி கொடுத்தார்கள், சொந்த வீடு உண்டா என்று கேட்டார்கள், பிறகு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த யோசனைகள் முடிவதற்குள் கோபிக்கு முன்நெற்றியில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. எல்லம்மாள் அந்த ஊரிலேயே பிறந்தவர். ஏரிக்கு 'போயிட்டு வா' சொல்லி வளர்ந்தவர். தாம் வாங்குவது ஏரி படுக்கும் இடம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் கேட்டபோது, "அதுக்கென்ன, ஏரியும் நமக்குப் புதுசா? அது ஒரு ஓரமா இருந்துக்கும், நாங்க ஒரு ஓரமா இருந்துக்கறோம்" என்றார். ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்து பழகியவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் வீடு எழும்பவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் அஸ்திவாரம் தோண்டினார்கள். மாலையில் ஏரி வந்து அதில் படுத்துக்கொண்டது. அடுத்த மாதம் அது போயிருந்தபோது கம்பி கட்டினார்கள். அது வந்து கம்பியின் மேல் படுத்துக்கொண்டது. சிமெண்ட் மூட்டைகள் நனைந்து கல்லாயின. மேஸ்திரி, "ஏரி வூட்டுல இல்லாத நேரம் பாத்துத் திருட்டு வேலை செய்யற மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். மற்ற மனைக்காரர்கள் கண்ணாயிரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மனை போடும்போது செய்த பூசையை அவசரத்தில் சரியாகச் செய்யவில்லை, குறை அங்கேதான் இருக்கிறது என்று கண்ணாயிரம் நம்பினார். கோயிலில் முறைவைத்துப் பூசை செய்யும் குருக்கள் குடும்பம் ஒன்றிலிருந்து மௌலி என்ற இளைஞரை அழைத்து வந்தார். மௌலி ஆகம பாடசாலையில் படிப்பை முடித்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அவர் சொல்லும் மந்திரத்தில் ஓர் எழுத்தும் உதிராது என்று பெரியவர்களே சொல்வார்கள்.

பூசை எல்லம்மாளின் மனையில், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை நடந்தது. பூமி பூசையில் ஓர் இடம் உண்டு. அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்போர் எவராயினும், கண்ணுக்குத் தெரிந்தவராயினும் தெரியாதவராயினும், தயவுகூர்ந்து வேறிடம் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் இடம் அது. முகூர்த்தம் தவறிவிடும் என்ற கவலையில் பலரும் அதை வாய்க்குள்ளேயே முடித்துவிடுவார்கள். மௌலி அவசரப்படவில்லை. நான்கு திசைக்கும் திரும்பி, அட்சதை தூவி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும்படி சொன்னார். அன்று காற்றும் இல்லை. அந்தக் குரல் வருண லிங்கம் வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். ஏரி அந்நேரம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

மதியம் ஷாமியானாவுக்குக் கீழே எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏரி வந்தது. எப்போதும் போல் உள்ளே வந்து படுக்கவில்லை. வளைவுக்கு வெளியே நின்றது.

"அம்மா, தோ பாரு, வெளியவே நிக்குது. உள்ள வர மாட்டேங்குது" என்றார் கோபி.

எல்லம்மாள் இலையிலிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். ஒரு சொம்பை எடுத்துக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டார்.

"இன்னாம்மா பண்றே? ஏரிக்கே தண்ணியா?"

"வெயில்ல நடந்து வந்திருக்குதுடா. வாசல்ல வந்து நின்னா யாரா இருந்தாலும் மொதல்ல தண்ணி குடுக்கணும்."

வளைவுக்கு வெளியே போய்ச் சொம்பை நீட்டினார். ஏரி குடித்தது. சொம்பு காலியானதைக் கோபியும் பார்த்தார், கண்ணாயிரமும் பார்த்தார். தண்ணீர் கொடுத்த பிறகு, 'உள்ள வா' என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வார்த்தைக்காக ஏரி காத்து நின்றது. எல்லம்மாள் திரும்பித் தம் மனையின் நான்கு கற்களைப் பார்த்தார். மஞ்சள் பூசிய அவற்றின் நடுவே கோபி நின்றுகொண்டிருந்தார். எல்லம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொம்பைக் கவிழ்த்து நீரை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து ஏரி திரும்பி, வந்த வழியே சாலைக்குச் சென்றது.

கண்ணாயிரம் மௌலியின் காலில் விழுந்தார். "எத்தினி ஜேசிபி வந்தும் ஆவாத வேலை சாமி. ஒரே மந்திரத்துல காலி பண்ணிட்டீங்க" என்றார். மௌலி தட்சிணைத் தட்டை எடுக்காமலேயே வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி ஹைமவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படி ஸ்பஷ்டமா சொல்லணும்னு யார் அழுதா? எல்லாரும் மாதிரி முணுமுணுன்னு சொல்லிட்டு வரப்படாதோ?" என்றாராம். இதை ஹைமவதியே என்னிடம் தெரிவித்தார்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. எல்லம்மாளின் வீடு முதலில் எழும்பிற்று: ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, மொட்டைமாடிக்குப் படி. கிரகப்பிரவேசம் முடிந்த அடுத்த தை மாதம் கோபிக்கும் ஓவியாவுக்கும் திருமணம் நடந்தது. பக்கத்து மனையில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் இருசப்பன் மாடி வைத்துக் கட்டினார். ஒவ்வொன்றாக நகர் நிறைந்தது. ஏரிக்குப் படுக்க இடமில்லாமல் போனதால், பௌர்ணமிக்கு மட்டும் என்றிருந்த அதன் கிரிவலம் தினமும் என்றாயிற்று. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். கோயிலுக்குச் சென்றுவிட்டு வருகிறவர் நேரே தம் வீட்டுக்குத்தான் போக வேண்டும், இடையில் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது பெரியவர்கள் வகுத்த முறை. ஏரிக்கு அந்த முறை தெரிந்திருந்தது. ஆகவே வழியில் இருந்த வேறு எந்தக் குளத்திலும் அது இறங்கவில்லை.

தார்ச் சாலையின் சூடு ஏரியைக் குடித்துக்கொண்டே வந்தது. முழங்கால் உயரம் கணுக்கால் ஆயிற்று. கிரிவலம் வருகிற வெளியூர்க்காரர்கள் ஏதோ ஓரிடத்தில் திடீரென்று கால் நனைவதை உணர்ந்து, குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று புகார் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து சாலையைத் தோண்டிப் பார்த்து, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடிவிட்டுச் சென்றார்கள். மீன்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. நாரைகள் வேறு ஊர் பார்த்துக்கொண்டன. மௌலி அதைச் சாலையில் எதிர்ப்பட நேர்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, அது கடந்து போகும்வரை ஓரமாக நிற்பார். எல்லம்மாள் பௌர்ணமிதோறும் வளைவுக்கு வந்து சொம்பை நீட்டினார். ஏரி குடித்துவிட்டு ஒரு கணம் நிற்கும். எல்லம்மாள் சொம்பை உதறுவார். அது போய்விடும். இப்படியே ஆண்டுகள் சென்றன.

நகரில் போர் போட்ட குழாய்களில் முதலில் தண்ணீர் கம்மியாயிற்று, பிறகு மண் வந்தது, பிறகு காற்று வந்தது. டிராக்டரில் தண்ணீர் வரவழைத்துக் குடங்களை வரிசையில் வைத்தார்கள். அது சிரமம்தான், ஆனால் எல்லம்மாளை உறுத்தியது அது அன்று. ஒரு புரட்டாசிப் பௌர்ணமியில் ஏரி வளைவுக்கு வந்தபோது, பாத்திரம் கழுவிய நீர் வாசலில் ஓடுகிற அளவே இருந்தது. சொம்பு நீரைக் குடித்ததும் சற்றுப் பெரிதானதுபோல் தெரிந்தது. தாம் ஊற்றியது ஏரியில் மிஞ்சியிருந்ததைவிட அதிகம் என்பதை எல்லம்மாள் கண்டார். இன்னும் ஒரு பௌர்ணமி தாங்கும், மறு பௌர்ணமி தாங்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மறுநாளே மௌலியின் வீட்டுக்குப் போனார்.

"போவச் சொல்றதுக்கு மந்திரம் இருக்குதுன்னா, வரச் சொல்றதுக்கும் இருக்கும் இல்ல சாமி?"

"இருக்கும்மா. கங்கையும் காவேரியும்கூட கூப்பிட்ட உடனே கலசத்துக்கு வருவா. இதையும் நான் கூப்பிடாம இல்ல, எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன். கலசத்துல வந்து இருந்துட்டு, பூஜை முடிஞ்சதும் கிளம்பிடறது. குடியிருக்க வரணும்னா வீட்டுக்காரா வாயால கூப்பிடணும். நான் யாரு? வந்துட்டுப் போறவன்."

"கூப்ட்டா என் வூடு இன்னா ஆவும்?"

ஹைமவதி மோர் கொண்டுவந்து வைத்தார். "ஏரி ஏரியாத்தான் வரும் எல்லம்மா. வேற எப்படி வரும்?" என்றார் அவர்.

எல்லம்மாள் அன்று மாலையே மகனிடம் சொல்லிவிட்டார். கோபி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னா பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? வூட்டை ஏரிக்குக் குடுத்துட்டு நாம எங்க போறது? நாமளும் மலையைச் சுத்திக்கினே இருக்கறதா?"

"வாடகைக்குப் போலாம்டா."

"இந்த நகர்ல அத்தினி பேர் கட்டிக்கினு இருக்கானுங்க. எவனுக்கும் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"அது வந்து நின்னது எங்கிட்ட. அவுங்க யார்கிட்டயும் இல்ல."

"அதான் தண்ணி குடுத்தே இல்ல? மாசாமாசம் குடுக்கறே இல்ல? அத்தோட வுடு."

"தண்ணி மட்டுந்தான்டா குடுத்தேன்."

கோபி எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அந்த வீட்டுக்காக வண்ணம் தேர்ந்தெடுத்தவர். கூடத்துச் சுவரில் எந்த மூலையில் ஆணி அடித்தால் காரை உதிராது என்பது வரை அறிந்தவர். சொந்த வீட்டுக்காரர் என்று முதன்முதலில் பிறர் சொல்லக் கேட்டபோது அவர் நடந்த நடையை நகரில் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அவருடைய கோபத்தை எவரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த ஓவியா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அத்தே, கூப்புடறதுன்னா சொல்லிட்டுக் கூப்புடுங்க. பீரோவை எறக்கறதுக்கு ஆள் சொல்லணும்." அது சம்மதமா கிண்டலா என்று எல்லம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனால் பீரோவை இறக்க ஆள் சொன்னது ஓவியாதான். கோபி வேங்கிக்காலில் ஒரு வாடகை வீடு பிடித்து மனைவியை அழைத்துச் சென்றார். அம்மாவிடம் சாவியைக் கொடுக்கவில்லை. சன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள், ஏறக்குறைய மதிய வேளையில், ஏரி வந்தது. ஈரத்துணியைத் தரையில் இழுத்த தடம்போல் வந்தது. எல்லம்மாள் கையில் சொம்பு இல்லை. வீட்டுக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, தம்முடைய டிரங்குப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, வளைவில் நின்றார். பக்கத்து வீடுகளில் எல்லோரும் மாடிக்கு ஏறி நின்றார்கள்.

"இன்னிக்கு தண்ணி கொண்டாரல" என்றார் எல்லம்மாள். "வா. உள்ள வா. எவ்ளோ நேரந்தான் வெளியவே நிப்பே? உன் வூடுதான், வா."

ஏரி உடனே வரவில்லை. வாசற்படியருகே சிறிது நின்று, தான் சுமந்து வந்த தட்டுகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள், கற்பூரக் காகிதங்கள், ஒற்றைச் செருப்புகள் எல்லாவற்றையும் விருந்தாளி செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் ஓரமாக வைத்தது. பிறகு உள்ளே போயிற்று. முதலில் கூடம், பிறகு அறை, பிறகு சமையலறை. நெடுந்தூரம் நடந்து வந்தவர் கைகாலை நீட்டிப் படுப்பதுபோல் மெல்ல மெல்ல விரிந்தது. மாலைக்குள் சன்னல் மேல்விளிம்பைத் தாண்டி, கூரைக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. கதவு திறந்தே இருந்தும் ஒரு சொட்டும் தெருவுக்கு வரவில்லை. வாசல் நிலையில் கண்ணாடி வைத்ததுபோல் நின்றது. அழைத்தவர் வீட்டில் மட்டும் அது இருந்தது. அழைக்காதவர்களின் சுவரைக்கூட அது தொடவில்லை. இருசப்பன் தம் வீட்டுச் சுவரைக் காலையும் மாலையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அது காய்ந்தே இருந்தது. அவருக்கு அதில் சற்று ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம்.

"வூட்டுக்கு விருந்தாளி வந்தா மூணு நாள்ல போவணும் எல்லம்மா. இது இன்னா, ஆடிக்கு வந்த பொண்ணு மாதிரி செட்டில் ஆயிட்டுது?" என்று கேட்டார்.

"பொண்ணுதான்னு வெச்சுக்கயேன்" என்றார் எல்லம்மாள்.

பத்து நாட்களுக்குள் நகரின் எல்லாப் போர்க் குழாய்களிலும் தண்ணீர் ஊறிற்று. அழைக்காதவர்களுக்கும் ஊறிற்று. அவர்களில் சிலர் சில நாட்கள் எல்லம்மாளைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள்; இருசப்பன் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலை அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, யார் வைத்தது என்று தமக்கும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தார். சன்னல் கம்பிகளுக்கு உட்புறம் கெண்டைக் குஞ்சுகள் வந்து நிற்கத் தொடங்கின. மாடிப்படியில் தாமரை இலை விட்டது. மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி குடிவந்து, கதவு வழியாகப் போய் வருகிறது. மௌலி வெள்ளிக்கிழமைகளில் வந்து, சன்னலருகே நின்று கற்பூரம் காட்டிவிட்டுப் போகிறார். மந்திரத்தை மிக மெல்லிய குரலில்தான் சொல்கிறார். தபால்காரர் கடிதத்தை வாசல் நிலையில் செருகிவைக்கிறார். புதிதாக மனை பார்க்க வருகிறவர்களிடம் கண்ணாயிரமே, "அது ஏரி வூடுங்க, பக்கத்துல தண்ணி ஜாஸ்தி" என்று காட்டுகிறார்.

எல்லம்மாள் இப்போது அடி அண்ணாமலையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். பௌர்ணமி மாலையில் ஏரி வழக்கம்போல் வாசல் வழியாகக் கிளம்பிக் கிரிவலம் போகிறது. அவர் 'போயிட்டு வா' என்று சொல்லி அனுப்பிவிட்டு, துடைப்பத்தோடு தம் வீட்டுக்குள் நுழைந்து, வண்டலை வாரி, ஈரத்தைத் துடைத்து, தம் சமையலறையில் அடுப்பை மூட்டிச் சோறு வடிக்கிறார். ஓவியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கோபி வளைவு வரை வந்து, பைக்கை நிறுத்தி, அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஓவியா கொண்டுபோய்க் கொடுக்கும் தட்டில் மீதி வைப்பதில்லை. இன்னும் அவர் உள்ளே வரவில்லை. ஏரி திரும்புவதற்குள் பாயைச் சுருட்டி, பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். இதில் புதுமை என்று நகரில் எவரும் இப்போது நின்று பார்ப்பதில்லை.

இழந்தவற்றையும் எழுதிவிடுவது முறை என்று நினைக்கிறேன். ஏரிக்கரை, அதன்மேல் நின்ற பனைமரங்கள். மடை. ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும் நாளில் கங்கையம்மனுக்குப் படையல் இடும் வழக்கம். கூரைக்குக் கீழே இருக்கும் ஏரி கோடி போவதில்லை. தாமரை வந்துவிட்டது, அல்லி வரவில்லை. பனிக்காலத்தில் வந்த உள்ளான் குருவிகள். மழை நேராக நீரில் விழும் சத்தம். எல்லம்மாளுக்கு, வீடு. கோபிக்கு, அம்மா கையால் தினமும் சாப்பிடுவது. தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்த மலை. இப்போது அந்த இடத்தில் மின்விசிறி தெரிகிறது.